ஓய்வு நேரத்துக்கு ஒரு டப்பா நூல்: கேம்ப் கவுன்சிலருக்கான ஃப்ரெண்ட்ஷிப் பேண்ட் கையேடு

அமெரிக்காவில் பிள்ளைகள் வாரக்கணக்கில் தங்கும் சம்மர் கேம்ப்புகளில் நீச்சல், வில்வித்தை, படகு என ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருப்பார். அவற்றுக்கு நடுவில் வரும் இடைவெளிகள்தான், பிள்ளைகள் தங்கும் கேபினில் (குடிலில்) அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேபின் கவுன்சிலரின் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஓய்வு நேரம், மழை விடக் காத்திருக்கும் நேரம், விளக்கணைக்கும் முன் வரும் அரை மணி. வீட்டு நினைப்பு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வதும் இந்த நேரங்களில்தான். பல கேம்ப்புகளில் பிள்ளைகள் கையில் போன் இருக்காது. கைக்கு வேலை, வாய்க்குப் பேச்சு இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பவை நூலும் மணியும். ஜே-1 என்ற அமெரிக்கப் பரிமாற்ற விசாவில் கவுன்சிலராகப் போகிறவர்கள் (18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதிகபட்சம் 4 மாதம்) ஊரிலேயே இந்தக் கைவேலையைப் பழகிக்கொண்டு போனால், முதல் நாளே பிள்ளைகளோடு உட்கார ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நம் ஊரில் நண்பர்கள் தினமான ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று கட்டும் பேண்ட் பெரும்பாலும் கடையில் வாங்கியது. கேம்ப்பில் அப்படி இல்லை, தானே பின்னிக் கொடுத்தால்தான் மதிப்பு. இதோடு எழுத்து மணி கோத்த பேண்டும் இப்போது சேர்ந்துகொண்டது. 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை நடந்த பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் டூர் கச்சேரிகளில் ரசிகர்கள் முன்பின் தெரியாதவர்களோடு மணி பேண்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அவருடைய 2022 பாடல் ஒன்றில் வரும் ஒரு வரிதான் அதற்கு வித்து. ஆக, நூல் முடிச்சு, எழுத்து மணி இரண்டையும் பிள்ளைகள் கேட்பார்கள்.

டப்பாவில் என்ன இருக்க வேண்டும்

எம்பிராய்டரி நூல்தான் அடிப்படை. டிஎம்சி, ஆங்கர் என்ற இரண்டு பிராண்டிலும் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை சேர்ந்தது. தையலுக்குப் பிரிப்பதுபோல் இழைகளைப் பிரிக்கக் கூடாது. ஆறையும் ஒரே நூலாக வைத்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். 9 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, தங்கும் கேம்ப்பில் எட்டுப் பேருக்கு ஒரு ஊழியர் என்பது அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் அளவு. அந்த எட்டுப் பேரை வைத்தே கணக்குப் போடுவோம்.

ஒரு பேண்டுக்கு 180 செ.மீ. நூல் மூன்று வேண்டும். ஒரு கண்டில் அப்படி நான்கு துண்டு வரும். எட்டுப் பேருக்கு ஆறு கண்டு போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஆறே நிறத்தோடு போனால் அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிடும். இரண்டு வார முகாமுக்குப் பத்து நிறத்தில் இரண்டிரண்டு, கறுப்பிலும் வெள்ளையிலும் நான்கு நான்கு, மொத்தம் 28 கண்டு எடுங்கள். முகாம் முடிவில் கேபின்களை அணிகளாகப் பிரித்து ‘கலர் வார்’ போட்டி நடத்தும் வழக்கம் உண்டென்றால், அணி நிறங்கள் என்னவென்று முன்கூட்டியே கேட்டு, அவற்றில் நான்கு கண்டைப் பெட்டியின் அடியில் ஒளித்துவையுங்கள். அந்த வாரத்தில் வேறு நிறத்தை யாரும் தொட மாட்டார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் நூலையும் மணியையும் சவுகார்பேட்டைக் கடைகளில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மலிவான கலவைப் பாக்கெட் வாங்கினால் சாயம் போகுமா என்று பார்த்துவிடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றிலும் 5 செ.மீ. துண்டை நனைத்து, வெள்ளை டிஷ்யூவில் வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் தெரிந்துவிடும். நீச்சலுக்குப் பின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடு விழுந்தால், அந்தச் சட்டை யாருடையதோ அவர் பேண்டைக் கழற்றி எறிந்துவிடுவார்.

மற்றவை: ஆளுக்கு ஒரு பெரிய ஊக்கு, ஆளுக்கு ஒரு கிளிப் வைத்த பரீட்சை அட்டை, மாஸ்கிங் டேப் ஒரு சுருள், ஜிப் பை ஆளுக்கு ஒன்று (மேலே பெயர் எழுதி), முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று. கத்தரிக்கோல் கவுன்சிலர் கையில்தான் இருக்க வேண்டும். ஓய்வு நேரம் முடிந்ததும் அது டப்பாவுக்குத் திரும்பியதா என்று பார்த்துத்தான் மூட வேண்டும். விமானத்தில் போகும்போது அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

போன் இல்லாத இடத்தில் வீடியோ பார்த்துக் கற்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. முடிச்சுப் படங்களைக் காகிதத்தில் வரைந்து, டேப் ஒட்டி நீர் படாமல் ஆக்கி, டப்பாவிலேயே வைத்திருங்கள்.

முதல் நாள்: முறுக்குக் கயிறு

முடிச்சுப் பேண்டை முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம். புதுப் பிள்ளை ஒன்று, சுற்றிலும் தெரியாத முகங்கள், கையில் முடியாத வேலை என்றால் அன்றைக்கே ஆர்வம் போய்விடும். ஐந்து நிமிடத்தில் முடிவதாக ஒன்று கொடுங்கள்.

இரண்டு நிறத்தில் 75 செ.மீ. நூலை ஒன்றாக வைத்து, ஒரு முனையை அட்டையின் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். மறுமுனையைப் பிடித்து ஒரே பக்கமாக முறுக்க வேண்டும். நூலைச் சற்றுத் தளர்த்தினால் அதுவே சுருண்டு குட்டி முடிச்சுப் போடத் தொடங்கும்வரை முறுக்கலாம். பிறகு நடுவில் விரலை வைத்து இரண்டாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரலை எடுத்தால் கயிறு தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முனையில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். மடித்த இடம் தானாகவே வளையமாக இருக்கும். முடிச்சை அதில் நுழைத்துக் கையில் மாட்டிக்கொள்ளலாம். கயிறு தொளதொளவென்று வந்தால் முறுக்கு போதவில்லை என்று அர்த்தம். இருவர் இருவராகச் செய்யச் சொன்னால் ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்க, பெயர் தெரியாத இருவர் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

சாய்கோட்டுப் பேண்ட்

எல்லாப் பின்னலுக்கும் அடித்தளம் இது. இதை ஒழுங்காகக் கற்ற பிள்ளை மீதியைத் தானே கண்டுபிடிக்கும்.

மூன்று நிறத்தில் 180 செ.மீ. நூல். அளவுகோல் தேட வேண்டாம். இரு கைகளையும் விரித்த ஒரு பாக நீளம் எடுத்து, உயரம் குறைந்தவராக இருந்தால் அதோடு ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்து நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து ஒன்றரை செ.மீ. கீழே ஒரு முடிச்சு. இப்போது தலையில் ஒரு வளையமும் கீழே ஆறு நூல்களும் இருக்கும். வளையத்தை ஊக்கில் கோத்து, ஊக்கைத் தலையணையிலோ ஜீன்ஸ் முழங்காலிலோ குத்தலாம். அட்டையின் கிளிப்பில் மாட்டுவது இன்னும் நல்லது, படுக்கையிலிருந்து தாழ்வாரத்துக்கு அப்படியே தூக்கிப் போகலாம். பிள்ளைகள் பங்க் படுக்கைக் கம்பியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பின்ன ஆசைப்படுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். பங்க் படுக்கையில் எந்தக் கயிறும் தொங்கக் கூடாது, மேல் படுக்கையிலிருந்து சரியும் பிள்ளையின் கழுத்தில் மாட்டும்.

ஆறு நூல்களையும் வேண்டிய நிற வரிசையில் விரித்து வையுங்கள். இடது ஓரத்து நூலை எடுத்து, அடுத்த நூலின் மேலாகக் குறுக்கே வைத்தால் ‘4’ என்ற எண்ணின் வடிவம் வரும். அதன் முனையை அடுத்த நூலுக்கு அடியில் விட்டு, ‘4’இன் இடைவெளி வழியாக மேலே எடுங்கள். இப்போது அடுத்த நூலை இடக்கையால் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முடிச்சிடும் நூலை மேல்நோக்கி இழுங்கள். இது பாதி முடிச்சு. இதே இரண்டு நூலில் இன்னொரு முறை செய்தால்தான் முழு முடிச்சு. பிறகு அதே முதல் நூலை மூன்றாவது நூலின் மேல், நான்காவதன் மேல் என்று வலது ஓரம்வரை கொண்டுபோங்கள். ஐந்து முடிச்சு முடிந்தால் ஒரு வரிசை. இப்போது இடது ஓரத்தில் இருக்கும் புது நூலிலிருந்து அடுத்த வரிசை.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மணிக்கட்டு பெரும்பாலும் 13 முதல் 15 செ.மீ. இருக்கும். 13 செ.மீ. பின்னலுக்கு ஏறக்குறைய 60 வரிசை, அதாவது 300 முழு முடிச்சு ஆகும். புதிதாகக் கற்பவருக்கு ஒரே ஓய்வு நேரத்தில் இது முடியவே முடியாது. மூன்று நான்கு நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் வேகமாகப் பின்னும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். முதல் மூன்று வரிசைக்கு மட்டும் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்காருங்கள். அதற்குள் கைக்குப் பழகிவிடும்; அதற்குப் பிறகு நீங்கள் குறுக்கிட்டால்தான் கெடும்.

அளவு வந்ததும் மூன்று மூன்று நூலாக இரண்டு சடை, ஒவ்வொன்றும் 8 செ.மீ. பின்னி முனையில் முடிச்சிடுங்கள். ஒரு சடையைத் தலை வளையத்தில் நுழைத்து மற்றதோடு கட்டலாம். ஒரு விரல் நுழையும் இடம் விட்டுக் கட்டுங்கள், பருத்தி நூல் நனைந்தால் சற்றுச் சுருங்கும்.

எங்கே கெடுகிறது

நிறம் மாறி வருவதுதான் அடிக்கடி கேட்கும் புகார். சிவப்புக் கோட்டின் நடுவில் ஒரு நீலப் புள்ளி நிற்கும். முடிச்சிடும் நூலை விறைப்பாகப் பிடித்து, அடியில் இருக்க வேண்டிய நூலைத் தளரவிட்டதே காரணம். முடிச்சு புரண்டு, அடிநூல் மேலே வந்துவிடுகிறது. எந்த நூல் நேராக நிற்கிறதோ அது மறையும், எது சுற்றுகிறதோ அது தெரியும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பேண்ட் தட்டையாக இல்லாமல் திருகுகிறது என்றால் பாதி முடிச்சோடு அடுத்த நூலுக்குத் தாவியிருப்பார்கள். இரண்டு முறை, இரண்டு முறை என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். லேசான வளைவு சாய்கோட்டுப் பின்னலின் இயல்பு, கவலை வேண்டாம். ஈரத்துணி போட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும்.

அகலம் குறைந்துகொண்டே போனால் வரிசைக் கடைசியில் ஒரு நூலை விட்டுவிட்டார்கள். அந்த நூல் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். முடிச்சுகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்திருப்பார்கள்.

அவிழ்க்கும்போது நூலை இழுக்கவே கூடாது. ஊக்கின் முனையை முடிச்சின் நடுவில் விட்டு மெல்ல நெம்பினால் தளரும். பத்து முடிச்சுக்கு மேல் பின்னால் போன தவறை அப்படியே விட்டுவிடச் சொல்வதே நல்லது. முடிந்த பேண்டில் அதை யாரும் பார்ப்பதில்லை.

அம்பு வடிவம்

சாய்கோடு கைவந்தவர்களுக்கு இது. நான்கு நிறம், 180 செ.மீ., மடித்தால் எட்டு நூல். கண்ணாடியில் தெரிவதுபோல் அடுக்குங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு. இடது சிவப்பை நடுவரை மூன்று முடிச்சு. வலது சிவப்பை, ‘4’ வடிவத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு, நடுவரை மூன்று முடிச்சு. நடுவில் சந்திக்கும் இரண்டு சிவப்பையும் ஒன்றோடொன்று ஒரு முழு முடிச்சு. இந்த ஏழாவது முடிச்சை மறந்தால் பேண்ட் நடுவில் பிளந்துகொள்ளும். அம்பு ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் வலக்கைப் பிள்ளை இடப்பக்கத்தை அதிகமாக இறுக்குகிறது, அல்லது நேர்மாறு. ஒரு வரிசை இடமிருந்தும் அடுத்த வரிசை வலமிருந்தும் தொடங்கினால் சமப்படும்.

முடிச்சே பிடிக்காத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குத் தட்டையான பிளாஸ்டிக் நாடா கொடுத்துச் சதுரப் பின்னல் சொல்லிக்கொடுங்கள். ஒரு மீட்டரில் இரண்டு நாடா, கூட்டல் குறிபோல் வைத்து, நான்கு கால்களையும் வரிசையாக ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, கடைசிக் காலை முதல் மடிப்புக்குள் நுழைத்து நான்கையும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். ஒயர் கூடை பின்னிய கைக்கு இது நிமிடத்தில் வந்துவிடும். சாவிக்கொத்தும் விசில் கயிறும் செய்யலாம்.

எழுத்து மணி

இங்கே அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மணிக்கட்டு 14 செ.மீ. என்றால் 14 செ.மீ. மணி கோத்தால் போதும் என்று தோன்றும். மணிக்குத் தடிமன் உண்டு, உள்சுற்று குறைந்துவிடும். மணியின் தடிமனை 3.14ஆல் பெருக்கி மணிக்கட்டு அளவோடு கூட்டுங்கள். 9 மி.மீ. தடிமனுள்ள பெரிய பிளாஸ்டிக் மணிக்கு ஏறக்குறைய 3 செ.மீ. கூடும், ஆக 17 செ.மீ. கோக்க வேண்டும். அந்த மணி நீளவாக்கில் 6 மி.மீ. என்பதால் 28 மணி பிடிக்கும். 4 மி.மீ. தடிமனுள்ள தட்டை எழுத்து மணிக்குக் கூட்ட வேண்டியது ஒன்றேகால் செ.மீ. மட்டும், ஒவ்வொன்றும் 7 மி.மீ. இடம் எடுக்கும்.

எலாஸ்டிக் 0.8 மி.மீ. தடிமன் இருக்கட்டும்; எழுத்து மணியின் துளை சிறியது, ஒரு மி.மீ. எலாஸ்டிக் பலவற்றில் நுழையாது. 30 செ.மீ. வெட்டி, கோப்பதற்கு முன் ஐந்தாறு முறை நன்றாக இழுத்துவிடுங்கள். இழுக்காமல் கோத்தால் மறுநாளே தளர்ந்து மணிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். ஒரு முனையில் டேப் ஒட்டி, துண்டை விரித்து அதன் மேல் மணிகளை அடுக்கி (மேசையில் வைத்தால் உருண்டு பலகை இடுக்கில் போய்விடும்), சொல்லை நடுவில் வைத்து இருபுறமும் சம எண்ணிக்கையில் நிறமணி கோக்க வேண்டும். முடிச்சிடும் முன் சொல்லைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தலைகீழாக இருக்கும் ஒரு எழுத்து அப்போதுதான் கண்ணில் படும்.

சாதாரண முடிச்சு எலாஸ்டிக்கில் நிற்காது. வழுக்கும், தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். முதல் சுற்றில் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி இழுத்து, மேலே எதிர்த்திசையில் இன்னொரு முடிச்சு. மணிகள் விலகும் அளவுக்கு நான்கு புறமும் இழுத்து இறுக்கி, வளையும் தன்மையுள்ள நகைப் பசை ஒரு சொட்டு. சூப்பர் குளூ வேண்டாம். அது கல்லாக இறுகி, அந்த இடத்திலேயே எலாஸ்டிக் முறியும். காய்ந்ததும் வால்களை 2 மி.மீ. விட்டு வெட்டி, முடிச்சைப் பெரிய மணியின் துளைக்குள் இழுத்துவிடுங்கள்.

எழுத்து தீர்ந்துபோவது நிச்சயம், அதிலும் உயிரெழுத்துகள் முதலில் போகும். ஆங்கில ‘எம்’மைத் தலைகீழாகக் கோத்தால் ‘டபிள்யூ’ ஆகும், பூஜ்யம் ‘ஓ’வுக்கு நிற்கும். ‘இசட்’டைப் பக்கவாட்டில் திருப்பி ‘என்’ ஆக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். துளை ஒரே திசையில் இருப்பதால் முடியாது.

எழுத்தே இல்லாமலும் ரசிகர்கள் பேசிக்கொள்வார்கள். ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு நிறம்; கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ரசிகர்களுக்கு ஊதா; இளஞ்சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் மெஸ்ஸி ஆடும் இன்டர் மியாமி கால்பந்து அணி; வெளிர்நீலமும் வெள்ளையும் அர்ஜென்டினா. 22ஆம் எண் சட்டை போடும் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கைப் பிடித்த பிள்ளைக்கு இரண்டு ‘2’ மணி இருந்தால் போதும். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று இரண்டாம் நாளுக்குள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத குழுவோ தொடரோ என்றால் அந்தப் பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். வாயே திறக்காத பிள்ளை ஓய்வு நேரம் முழுக்கப் பேசுவதைப் பார்க்கலாம்.

பாட்டுத் தலைப்புகளின் முதலெழுத்துகளை மட்டும் கோப்பது வழக்கம். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விரிவு கேளுங்கள். வசைச்சொல்லோ ஒரு பிள்ளையைக் கேலி செய்யும் ரகசியமோ அதில் ஒளிந்திருக்கலாம். எண் மணியில் போன் நம்பர் கோக்க விடக் கூடாது.

பேண்டுகளை மாற்றிக்கொள்ளும் மாலைப்பொழுது

ஒன்றுக்கு ஒன்று என்பதே விதி. காசு கிடையாது, மிட்டாய் கிடையாது, கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும் கிடையாது. தனக்கென்று வைத்துக்கொள்ளும் பேண்டை இடக்கையிலும், மாற்றத் தயாரானதை வலக்கையிலும் போடச் சொன்னால் “அதைத் தா” என்ற நச்சரிப்பு இருக்காது. வெறுங்கையோடு யாராவது நிற்பார்கள் என்பதால் கவுன்சிலர் கையில் ஐந்தாறு பேண்ட் தயாராக இருக்கட்டும். அதைத் தானமாகக் கொடுக்காமல் முந்தின நாளே அந்தப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பின்னி, அதன் பெயரிலேயே டப்பாவில் வைத்துவிடுங்கள்.

டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி சிலவகைப் பிளாஸ்டிக்கையும் எலாஸ்டிக்கையும் அரிக்கும். தடவி, காய்ந்து, கை கழுவிய பிறகே மணி பேண்ட் மாட்ட வேண்டும். ஏரிக்குப் போகும்முன் மணி பேண்டுகளைக் கழற்றி அவரவர் ஜிப் பையில் போடச் சொல்லுங்கள். நூல் பேண்ட் கையிலேயே இருக்கலாம்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு, முடியாத பேண்டுகளை எல்லாம் சேகரியுங்கள். அடுத்த வரிசையை எந்த நூலில் தொடங்க வேண்டுமோ அதன் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மீதி நூல்களைச் சுற்றி, முடிச்சுப் படம் வரைந்த காகிதத்தோடு பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் முடிப்பதற்கு அது போதும்.